கோணல் நெட்டையிலா, குட்டையிலா?

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் சிரித்துவிடுவீர்கள், எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அண்ணன் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் சாப்டீங்களா?" என்று கேட்பார். அதனால்தான் கடிதம்.

பதிப்பாளர் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். நம் விதைப் புத்தகத்தின் இரண்டாம் பாதி, அத்தனையும். முதல் பாதியை வாங்கிக்கொண்டு, கேரட் விதையின் முள்ளை எண்ணிவிடலாம் போலிருக்கிறதே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட அதே மனிதர்தான். இப்போது, "கூர்மை போதவில்லை, எல்லாம் பால் ஊற்றியது போல இருக்கிறது. திரும்ப எடுத்துத் தாருங்கள். முடியாவிட்டால் வேறு ஆளை வைத்து எடுத்துக்கொள்கிறோம், தவறாக நினைக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். தவறாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? விதைச் சோதனைக் கூடத்தில் வேலை முடிந்த பிறகு, பின்னறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு விதையாக மெழுகுத் துணுக்கில் நிறுத்திவைத்துப் படம் பிடித்தவள் நான். குளியலறையை இருட்டாக்கி அத்தனையையும் பிரிண்ட் போட்டவர் நீங்கள். வேறு ஆளாம்.

காரணம் எனக்குத் தெரியும். போன தடவை அண்ணன் வந்தபோது உதவி செய்கிறேன் பேர்வழி என்று என் கேமராப் பையை அலமாரி மேலிருந்து எடுத்துக் கீழே போட்டாரே, அன்றோடு என் நெட்டை லென்ஸுக்கு ஏதோ ஆகிவிட்டது. உள்ளே ஒரு கண்ணாடி இடம் மாறியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த நூறு மில்லிமீட்டரை நம்பி நான் கண்ணை மூடிக்கொண்டு படம் எடுத்திருக்கிறேன்.

உங்கள் குட்டை லென்ஸைக் கொஞ்ச நாள் அனுப்பிவைக்க முடியுமா? அந்த ஐம்பத்தைந்து மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு விதைக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில் போய்த்தான் நிற்க வேண்டும், எனக்குப் பிடிக்காதுதான். வேறு வழியில்லை. அண்ணனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். தபாலே பத்திரம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 10

விதைப் பைத்தியத்துக்கு,

உன் அண்ணனுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நான் எங்க போட்டேன்? கொஞ்சம் வேகமா வெச்சேன்" என்கிறார். வேகமாக வைத்தாராம். நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எல்லாருக்கும் வாய்க்கு மட்டும் குறைவில்லை.

குட்டையைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். டார்ச் அடித்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டேன். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. ஃபோகஸ் வளையம் மட்டும் கொஞ்சம் இறுக்கம், உள்ளே போட்ட கிரீஸ் உன்னையும் என்னையும் போல வயதாகிக் கட்டிப்போயிருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் எத்தனையோ வருஷம் தேமலையும் படையையும் சொத்தைப் பல்லையும் இதை வைத்துத்தான் எடுத்தேன். ஒரு டாக்டராவது மங்கல் என்று சொன்னதில்லை.

ஒன்றை மறந்துவிடாதே. தனியாகப் போட்டால் இது விதையைப் பாதி அளவில்தான் ஃபிலிமில் தரும். அசல் அளவு வேண்டுமென்றால் கூடவே வைத்திருக்கிற வளையத்தை லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டினால் வெளிச்சம் குறையும், அதற்குத் தகுந்தபடி நேரத்தைக் கூட்டு. லென்ஸ் மிக அருகே வருவதால் அதன் நிழலே விதை மேல் விழும், பக்கவாட்டிலிருந்து விளக்கு வை. இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. தெரிந்தவள்தான் போன வருஷம் கேபிள் ரிலீஸை வீட்டில் வைத்துவிட்டு வெறும் விரலால் அமுக்கி ஒரு ரோலையே ஆட்டிக் கெடுத்தாய்.

வேறு ஆள் என்று அந்த மனிதர் எழுதியதை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. சீக்கிரம் எடுத்து அனுப்பு.

அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள். இது உங்கள் நல்ல குட்டைதானா, அல்லது வேறு எதையாவது பெட்டி மாற்றி வைத்துவிட்டீர்களா?

முதலில் நிழல். எந்தப் பக்கம் விளக்கை வைத்தாலும் விதைக்குக் குறுக்கே லென்ஸ் வந்து நின்றுகொள்கிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தக்காளி விதையின் ரோமம் இருக்கிறதே, அது நெட்டையிலாவது நார் நாராகத் தெரிந்தது. இதில் பஞ்சுப்பொதியாகத் தெரிகிறது. வியூஃபைண்டரில் ஃபோகஸ் வந்தது போல இருக்கிறது, ஒரு நொடி கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் போய்விடுகிறது. வளையத்தைத் திருகித் திருகி என் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் லென்ஸ் நேர்க்கோட்டை வளைக்கிறது. அளவு காட்டுவதற்காக விதைக்கு அடியில் கிராஃப் தாள் வைப்பேன் அல்லவா? அந்தக் கோடுகள் நடுவில் வந்ததும் குழிந்து போகின்றன, கட்டில் கயிறு தொய்ந்தது போல. கிட்டத்தில் எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ் இப்படி வளைக்கலாமா? நெட்டையும் கொஞ்ச நாளாக இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அது அடிபட்டது. உங்களுடையது அடிபடாமலேயே இப்படி.

நல்லதை நீங்கள் வைத்துக்கொண்டு ஒதுக்கிப்போட்டதை எனக்கு அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன். பதிப்பாளர் மறுபடி நினைவூட்டல் அனுப்பியிருக்கிறார்.

நாத்தனார்


மார்ச் 3

நம்பிக்கையின் திருவுருவமே,

பெட்டி மாற்றி வைத்துவிட்டேனா? என்னிடம் என்ன கடையா இருக்கிறது, பத்து லென்ஸை அடுக்கி வைத்துக்கொண்டு உனக்குச் சொத்தையைப் பொறுக்கி அனுப்புவதற்கு? எனக்கு இருந்ததே அந்த ஒன்று. அதைக் கொடுத்துவிட்டு நான் இப்போது வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் பாத்திரங்களை நான் நொறுக்காத குறைதான். உன் அண்ணன் பயந்துபோய்த் தானாகவே பாத்திரம் கழுவினார்.

லென்ஸ் கோட்டை வளைத்தால் ஓரத்தில்தான் வளைக்கும், அம்மா. நடுவில் வளைக்கிற லென்ஸை நான் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை. நீ சரியான அப்பா பெண். ஞாபகம் இருக்கிறதா, மாமா தன் அறைக் கதவின் நிலை கோணல் என்று தச்சரை மூன்று தடவை வரவழைத்தாரே! அவரும் பாவம், தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, "ஐயா, நூல் பிடிச்ச மாதிரி இருக்குங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாம் இருவரும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோமே. மாமா தச்சரை வதைத்தார், நீ என்னை வதைக்கிறாய்.

சரி, சண்டை வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம். நீ இதுவரை செய்தது சோதனையே இல்லை. நெட்டையைப் பாதி அளவிலும் குட்டையை வளையம் மாட்டி அசல் அளவிலும் எடுத்துவிட்டு எது கூர்மை என்று கேட்டால், நடந்து வந்தவனையும் ஓடி வந்தவனையும் நிறுத்தி யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பது போலத்தான். இரண்டையும் பாதி அளவில் வை. ஒரே விளக்கு, ஒரே ஃபிலிம், அப்பர்ச்சர் எட்டு. கேபிள் ரிலீஸ், ஸ்டாண்டு. முதலில் கிராஃப் தாளைச் சுவரில் ஒட்டி நேராக எடு. பிறகு ஒரு ஸ்கேலைச் சாய்வாக நிறுத்தி, நடுக்கோட்டில் மையால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிக்கு ஃபோகஸ் செய்து எடு. ஒவ்வொரு தடவையும் வளையத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஃபோகஸ் செய். ரோலைக் கழுவாமல் அப்படியே அனுப்பு. நான் கழுவிப் பார்த்து, கோணல் நெட்டையிலா குட்டையிலா என்று சொல்கிறேன்.

குட்டை தப்பு என்றால் உன் காலில் விழுகிறேன். இல்லையென்றால் நீ என்ன செய்வாய் என்று இப்போதே யோசித்து வை.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

ரோல் இதனுடன் இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே எடுத்தேன். முதல் பாதி நெட்டை, அடுத்த பாதி குட்டை. சொன்னதில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. என் பொறுமைதான் மாறிவிட்டது.

இந்த ஒரு ரோலை முடிப்பதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. புள்ளி இருக்கிறது, தெரிகிறது, ஃபோகஸ் வளையத்தைத் திருப்புகிறேன், புள்ளியைக் காணோம். பக்கத்துக் கோடு தெரிகிறது, நான் பார்க்க வேண்டிய கோடு மட்டும் நழுவுகிறது. வியூஃபைண்டர் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தேன். சோதனைக் கூடத்தில் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பெண், "மேடம், நான் வேணா பாக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அதற்கப்புறம் அவள் பின்னறைப் பக்கம் வருவதில்லை.

எதில் கோணல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இருக்கிறது. இரண்டும் கிழடுகள். இந்தப் பழைய லென்ஸ் மோகமே நீங்கள் எனக்குத் தொற்றவைத்ததுதான்.

அப்பாவைப் பற்றி எழுதியது எனக்குச் சிரிப்பாக இல்லை.

நாத்தனார்


மார்ச் 20

என் கண்ணே,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உட்கார்ந்து, கடைசி வரைக்கும் படி. நடுவில் கிழித்துப் போடாதே.

ரோலைக் கழுவி, ஈரம் காய்வதற்கு முன்பே விளக்கில் பிடித்துப் பார்த்தேன். கிராஃப் தாள் நேராக இருக்கிறது. நெட்டையில் நேர், குட்டையிலும் நேர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நடுவிலும் நேர், ஓரத்திலும் நேர். ஜெயித்துவிட்டேன் என்று குளியலறையிலிருந்து கூவினேன். உன் அண்ணன் பல்லியைப் பார்த்துவிட்டேனோ என்று ஓடி வந்தார்.

அப்புறம் சாய்த்து வைத்த ஸ்கேலைப் பார்த்தேன். ஒரு படத்தில் புள்ளிக்கு முன்னால் இருக்கிற கோடுகள் கூர்மை. அடுத்ததில் புள்ளிக்கு வெகு பின்னால். அதற்கடுத்ததில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, எல்லாமே பஞ்சு. ஆனால் கூர்மையாக விழுந்த இடங்களில் கோடு கத்தி போல இருக்கிறது, இரண்டு லென்ஸிலும். லென்ஸ் கெட்டிருந்தால் எங்குமே கத்தி வராது. கேமரா கெட்டிருந்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் தப்பு விழும். உன் ரோலில் ஒவ்வொன்றிலும் ஒரு இடம். நெட்டையிலும் கோணல் இல்லை, குட்டையிலும் இல்லை.

ஃபிலிமில் நேராக இருக்கிற கோடு உனக்கு மட்டும் குழிந்து தெரிந்திருக்கிறது. நடுவில் குழிந்து. நான் உனக்கு வேடிக்கையாக எழுதினேனே மாமாவின் கதவு நிலை, அதுதான் ஞாபகம் வந்தது. அந்த நிலையும் நூல் பிடித்த மாதிரிதான் இருந்தது.

இதைச் செய். கேமரா வேண்டாம். கிராஃப் தாளைச் சுவரில் ஒட்டி, கை நீட்டுகிற தூரத்தில் நின்று, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் நடுவில் பார். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இடது கண் சமாளித்துவிடும், உனக்கே தெரியாது. நீ ஒற்றைக் கண்ணால் பார்ப்பது கேமராவில் மட்டும்தான், அதனால்தான் கேமரா மேலேயே எல்லாப் பழியும் விழுந்தது. கோடு வளைந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. அடுத்த வாரம் என்று சொல்லாதே, அன்றைக்கே.

நான் சொல்வது தப்பாகப் போகட்டும். குட்டை தப்பு என்று நீ சொன்னதே நிஜமாக இருக்கட்டும் என்று முதல் தடவையாக ஆசைப்படுகிறேன்.

அண்ணி


மார்ச் 27

அண்ணிக்கு,

உங்கள் லென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பஞ்சு, பெட்டி, வளையம் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸைப் பற்றிக் கேட்டால் லென்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். என் கண்ணில் கை வைக்காதீர்கள். தேமலைப் படம் எடுத்தவர்கள் எல்லாம் டாக்டராகிவிட முடியாது. நான் தினமும் பஸ் நம்பர் படித்து வேலைக்குப் போகிறேன், விதையைத் தரம் பிரிக்கிறேன், இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். குருடி எழுதுகிற கடிதமா இது?

என்னால் முடியாது என்று பதிப்பாளர் ஒரு பக்கம். இப்போது நீங்கள் ஒரு பக்கம். அவராவது தவறாக நினைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

கிராஃப் தாளைச் சுவரில் ஒட்டவில்லை. அதற்கெல்லாம் எனக்கு நேரம் இல்லை. அண்ணனிடம் எதையும் சொல்ல வேண்டாம். நீங்கள் பதில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

நாத்தனார்


ஏப்ரல் 2

பிடிவாதத்துக்கு,

பதில் எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் யார், உன் கூடத்துப் பெண்ணா?

நீ பார்த்துவிட்டாய். எனக்குத் தெரியும். பார்க்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பாயா? "பார்த்தேன், கோடு நேராகத்தான் இருந்தது, உங்கள் டாக்டர் வேலையை மூட்டை கட்டுங்கள்" என்று ஒரே வரியில் என் வாயை அடைத்திருப்பாய். அதை எழுத முடியவில்லை உன்னால். நேரம் இல்லையாம். ஒரு தக்காளி விதையின் முன்னால் அரை நாள் உட்காருகிறவளுக்குச் சுவரில் ஒரு தாள் ஒட்ட நேரம் இல்லை.

எனக்கு உன் மேல் வருகிற ஆத்திரத்தை எழுத இந்தத் தாள் போதாது. ஆனால் மாமாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தச்சர் மூன்றாவது தடவை வந்துபோன பிறகு மாமா கதவு நிலையைப் பற்றிப் பேசவே இல்லை. நீ அப்போது படிப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பிவிட்டாய். கிழவருக்கு ஒரு வழியாகத் தெளிந்துவிட்டது என்று நானும் உன் அண்ணனும் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் நான் அந்த அறையைப் பெருக்கப் போனபோது, அவர் கதவருகே நின்று நிலையை விரல்களால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, தூசி" என்றார். நான் துணியை எடுத்துத் தூசி தட்டிவிட்டுப் போனேன். அவருக்குத் தெளியவில்லை. நாம் சிரித்ததால் சொல்வதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். டாக்டரிடம் கூட்டிப் போனபோது இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை ஏற்கெனவே போயிருந்தது.

நீ அதையே செய்யாதே. கோணல் கோணல் என்று கத்து. என் லென்ஸைத் திட்டு, என்னைத் திட்டு, எத்தனை கடிதம் வேண்டுமானாலும் திட்டி எழுது. சொல்வதை மட்டும் நிறுத்தாதே.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள். வெள்ளிக்கிழமை காலையில் உன் வீட்டு வாசலில் நிற்பார். கூடவே குட்டையும் வருகிறது. கீழே போடாமல் கொண்டுவருவதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். அவர் சொல்வதில் பாதி அழுகையாகத்தான் இருக்கும், அதனால் மீதியை நான் எழுதுகிறேன். பெரிய எழுத்தாக எழுதுகிறேன், கண்ணுக்குச் சிரமம் தரக் கூடாதாம்.

நீங்கள் சொன்னது சரி. தாளைச் சுவரில் ஒட்டி நான் பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டு உரித்து நான்காக மடித்துக் குப்பையில் போட்டேன்.

டாக்டரும் முதல் வேலையாக ஒரு கட்டம் போட்ட தாளைத்தான் நீட்டினார். நம் கிராஃப் தாளே அதைவிடத் தேவலை, கோடு மெல்லிசாக இருக்கும். வலது கண்ணின் நடுவில் ரத்தக் குழாய் கசிந்திருக்கிறதாம். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். வலி அவ்வளவு இல்லை, வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் கொடுமை. மாதா மாதம் போட வேண்டும். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார். போனது போனதுதான், மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இடது கண்ணில் இன்னும் ஒன்றும் இல்லை. இன்னும் என்ற வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார், எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. கோபமாகவும் இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை. நெட்டை மேல் கோபப்பட்டது எவ்வளவு வசதியாக இருந்தது! அடிபட்டதற்கு ஒரு அண்ணன் இருந்தார், ஒரு பை இருந்தது.

வேறு ஆளை வைத்துக்கொள்ளும்படி பதிப்பாளருக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். அட்டையில் உங்கள் பெயர் இருக்கட்டும். குட்டையை அண்ணன் ஊர் திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 21

அடியே,

வேறு ஆளா? ஏன், இடது கண்ணை வாடகைக்கு விட்டிருக்கிறாயா?

உன் கடிதத்தைப் படித்து நன்றாக அழுதேன். அழுது முடித்த பிறகு அந்தக் கடைசிப் பத்தியைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. உன் பெயர் இல்லாத அட்டையில் என் பெயர் மட்டும் எதற்கு? நான் என்ன விதையைக் கண்டேனா? முருங்கை விதைக்கும் பீர்க்கை விதைக்கும் வித்தியாசம் கேட்டால் இன்றைக்கும் சமையல்காரி மாதிரிதான் சொல்வேன்.

இடது கண்ணால் பார்த்தால் மூக்கு கேமராவின் முதுகில் இடிக்கும், அழுத்தும், கண்ணாடியில் ஆவி படியும். படியட்டும். உலகத்தில் பாதிப் பேர் இடது கண்ணால்தான் எடுக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா? பழகும் வரைக்கும் சந்தேகம் இருக்கும் என்பதால் இதோடு ஒரு சாமான் அனுப்புகிறேன். பழைய குடைக் கம்பியை வெட்டி, குட்டையின் முன்வாயில் மாட்டுகிற ஃபில்டர் வளையத்தில் ஒட்டியிருக்கிறேன். ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பி, அங்கேயே நாடா போட்டு ஒட்டிவிடு. பிறகு தொடாதே. கேமராவை முன்னே தள்ளு. கம்பியின் நுனி விதையின் விளிம்பை எங்கே தொடுகிறதோ, அதுதான் ஃபோகஸ். நுனி படத்துக்குள் வராமல் ஓரமாக நிற்கும். கல்லூரியில் வாய்க்குள்ளே எடுக்கும்போது நாங்கள் இப்படித்தான் செய்தோம், நோயாளி ஆடிக்கொண்டே இருப்பான், வியூஃபைண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலைக்காகாது. என் குளியலறையில் ஒரு ரோல் எடுத்துப் பார்த்துத்தான் நுனியை அராவினேன். லென்ஸ் இல்லாமல் எப்படி எடுத்தேன் என்கிறாயா? குட்டையை நீ திருப்பி அனுப்பினாய் அல்லவா, கோபித்துக்கொண்டு, அந்த இடைவெளியில். உன் கோபம் இப்படி ஒரு தடவையாவது பிரயோஜனப்பட்டது.

கம்பியை அன்றைக்கே குட்டையோடு ஏன் அனுப்பவில்லை என்று கேட்காதே. முதலில் நீ டாக்டரிடம் போக வேண்டும் என்றிருந்தேன்.

பதிப்பாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ தக்காளி விதையிலிருந்து ஆரம்பி.

அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டாவது ஊசி முடிந்தது. பதிப்பாளர் மழைக்காலம் வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறார். அவரிடம் நீங்கள் என்ன பேசினீர்களோ தெரியாது, எனக்கு எழுதும்போது இப்போது மிகவும் பணிவாக எழுதுகிறார்.

ரோல் இதனுடன் இருக்கிறது. எல்லாமே தக்காளி விதை. முதல் பாதியைக் குட்டையில், உங்கள் குடைக் கம்பியை வைத்து எடுத்தேன். கம்பி நுனி விதையைத் தொடுவது விரலுக்குத் தெரிந்துவிடுகிறது, கண் வேண்டியதே இல்லை. முதல் நாள் அதற்காகவே ஆத்திரப்பட்டு, கம்பியைக் கழற்றி வீசினேன். மறுநாள் கூடத்துப் பெண் மேஜைக்கு அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது விளக்கை அவள்தான் பிடிக்கிறாள். மறு பாதி நெட்டையில், இடது கண்ணால். மூக்கு இடிக்கத்தான் செய்கிறது.

சோதனையின் முடிவு என்ன என்று கேட்பீர்கள். நெட்டையில் வெளிச்சத்துக்கு இடம் நிறைய. குட்டையில் நிழல் விழுகிறது, ஆனால் கை எட்டுகிற தூரத்தில் விதை இருக்கிறது. எனக்கு இப்போது கை எட்டுகிற தூரம்தான் தேவைப்படுகிறது. எது கூர்மை என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அதை நீங்கள் கழுவிப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் எது சொன்னாலும் இந்தத் தடவை சண்டை போடமாட்டேன். நெட்டை என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

இன்னொன்று. இன்றைக்குக் காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு என் அறைக் கதவைப் பார்த்தேன். நிலை வளைந்திருக்கிறது அண்ணி. நடுவில் குழிந்து, உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறது. எழுந்து போய்த் தடவிப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்து பார்த்தால் மறுபடியும் கோணல்.

சொல்வதை நிறுத்தாதே என்றீர்கள். அதனால் சொல்கிறேன்.

உங்கள் நாத்தனார்